மந்திரிப்புக்கு முந்தின நாள்

முதலில், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் அமலோற்பவம் நினைத்தாள். கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்து நேரே வந்து வேப்பமரத்தில் இடதுபக்கம் திரும்பினால் செலின் வீட்டாரின் கறுப்பு கிரானைட் கல்லறை, அதற்கு அடுத்தது மரியசூசை. கிரானைட் இருக்கிறது. மரியசூசையைத்தான் காணோம். புருஷனைக் காணோம் என்று மனசுக்குள் சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. செத்து ஒன்பது வருஷமான மனுஷர் எழுந்து எங்கே போயிருப்பார், இருந்த காலத்திலேயே லாரி புக்கிங் ஆபீஸை விட்டால் வீடு, வீட்டை விட்டால் ஆபீஸ் என்று கிடந்தவர். அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புதர் நின்றது. முழங்காலுக்கு மேலே வளர்ந்து, தலைமாட்டுச் சிமென்ட் சிலுவையை விழுங்கி, கால்மாடு வரை சரிந்து, போதாததற்கு நடைபாதையிலும் ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தது. புதர் முழுக்கப் பூ. வெள்ளையும் ரோஸுமாக, நித்தியகல்யாணி என்று நல்ல பேர் இருந்தும் ஊரே சுடுகாட்டு மல்லி என்று சொல்கிற அதே பூ. சுற்றிலும் மற்ற கல்லறைகள் குளித்துத் தலைவாரி வெள்ளைச் சட்டை போட்ட மாதிரி நின்றன. நாளைக்குக் கல்லறைத் திருநாள். சாயங்காலம் பங்குச் சாமியார் வரிசையாக வந்து ஒவ்வொரு கல்லறைக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதற்கு முந்தின நாளே குடும்பம் குடும்பமாக வந்து புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலைக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போவார்கள். அந்த வரிசைக்கு நடுவே மரியசூசை மட்டும் பரட்டைத் தலையோடு இருந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று அமலோற்பவம் சுற்றும் முற்றும் பார்த்தாள். எல்லோரும் அவரவர் செத்தவர்களோடு மும்முரமாக இருந்தார்கள்.

பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பையில் களைக்கொத்து இருந்தது, ஒரு பொட்டலம் சுண்ணாம்பு, தேய்ந்த பிரஷ், பிறகு பழைய துணியில் சுற்றிய மெழுகுதிரித் துண்டுகள். எரிந்து மிஞ்சின துண்டுகள். அவற்றை எரித்ததும் அவள்தான், நேற்று வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து, புதுத் திரிகளை ஒவ்வொன்றாகக் கொளுத்தி, பாதிக்கு மேல் உருகவிட்டு, ஊதி அணைத்து எடுத்துவைத்தாள். பார்த்தவர்கள் யாராவது இருந்திருந்தால் கிழவிக்கு மறை கழன்றுவிட்டது என்று சொல்லியிருப்பார்கள், பார்க்கத்தான் வீட்டில் ஆளில்லையே. திட்டம் இதுதான். இன்றைக்கே வந்து சுத்தம் செய்து, வெள்ளையடித்து, அந்தத் துண்டுத் திரிகளைத் தலைமாட்டில் ஒட்டவைத்துவிட்டுப் போய்விடுவது. நாளைக்குப் பார்க்கிறவர்கள், அடடே, அமலோற்பவம் வீட்டிலிருந்து எல்லோரும் முன்கூட்டியே வந்து திரியேற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும். நாளைக்கு அவள் வரப்போவதில்லை. நாலு வருஷமாக வரவில்லை, முழங்கால் வலி என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று, முழங்காலும் பாவம் மறுத்துப் பேசவில்லை. ஆனால் போன ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள், இடம் பத்தவில்லை, யாரும் கவனிக்காத கல்லறைகளைத் தோண்டி வேறு குடும்பங்களுக்குக் கொடுக்கப்போகிறோம் என்று. மரியசூசையின் எலும்பை அள்ளி மூலைக் குழியில் கொட்டிவிட்டு, அந்த இடத்தில் முன்பின் தெரியாத யாரையோ படுக்கவைப்பார்கள். அவளுக்கென்று அவர் பக்கத்திலேயே போட்டிருந்த இடமும் சேர்ந்துதான் போகும். அப்புறம் அவளை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள், கொண்டுபோவதற்குத்தான் யார் இருக்கிறார்கள், என்று அந்த நினைப்பு ஒரு வாரமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

உட்கார்ந்து முதல் செடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பார்க்க ஒடிசலாக இருக்கிறதே தவிர, அடித்தண்டு விரல் கனத்துக்குக் கட்டையாகியிருந்தது. இலை கசங்கி ஒரு கசப்பு வாசனை வந்தது, மாத்திரை டப்பாவைத் திறந்த மாதிரி. யார் தண்ணீர் ஊற்றினார்கள் இதற்கு, யார் உரம் வைத்தார்கள். வீட்டில் தொட்டியில் இருக்கிற ரோஜாவுக்கு முட்டை ஓடு பொடித்துப் போட்டு, டீத்தூள் சக்கை போட்டு, வெயிலுக்கு நகர்த்தி, நிழலுக்கு நகர்த்தி, காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்கிறாள், அது என்னவோ கடன்காரனுக்குப் பதில் சொல்கிற மாதிரி எப்போதாவது ஒரு பூ பூக்கிறது. இது யாரும் ஏறெடுத்துப் பார்க்காத நாலு வருஷத்தில் இப்படிப் பூத்துத் தள்ளியிருக்கிறது. நாலு வருஷம். கடைசியாக வந்தபோது செலின் வீட்டில் மகன், மருமகள், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், துபாயிலிருந்து ஒருத்தன், ஒரு பட்டாளமே வந்திருந்தது. கிரானைட்டைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். அமலோற்பவம் இந்தப் பக்கம் மரியசூசையிடம் ஜெபமாலையோடு நின்றாள். போட்டோ எடுத்த பையன் கையை ஆட்டி, "பாட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீகளா? நீங்க உள்ள விழுகுறீக" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். தப்பொன்றும் இல்லை. அவள் தள்ளிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம், என்றான். இன்னும் தள்ளினாள். காலுக்குக் கீழே மெத்தென்று இருந்தது, குனிந்து பார்த்தால் மரியசூசையின் மேலேயே ஏறி நிற்கிறாள், அணைந்த திரி செருப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அத்தனை ஜனமும் தன்னையே பார்ப்பதாக இருந்தது அவளுக்கு, பார், ஒற்றை ஆளாக வந்து ஒற்றைத் திரி ஏற்றுகிறாள், பிள்ளையா குட்டியா, பாவம் என்று. அந்தப் பாவம் என்கிற வார்த்தையை யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அவள் காதில் விழுந்தது. அன்றைக்குப் போனவள்தான்.

இரண்டாவது செடி பாதியில் அறுந்தது. வேர் உள்ளேயே தங்கிவிட்டது, அடுத்த மழைக்கு மறுபடி வரும். சர்க்கரை வியாதி மாதிரிதான், மரியசூசைக்கு வந்த மாதிரி, போய்விட்டது போய்விட்டது என்று நினைக்கும்போது கால் விரலில் வந்து நின்றது. டாக்டர் சொன்ன எதையும் கேட்டவர் இல்லை. சட்டைப்பையில் ஜாங்கிரியை மடித்து வைத்துக்கொண்டு வருவார், பையில் பாகு கசிந்து எறும்பு வரிசை கட்டி வீட்டுக்குள் வரும், எறும்பை வைத்துத்தான் அவள் திருட்டைப் பிடிப்பாள். பிடித்துத் திட்டுவாள், அவர் சிரிப்பார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், நாள் முழுக்க யார் யாரோ யார் யாரோடோ பேசுவதற்கு வழிவிட்டுக்கொண்டிருப்பாள், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க அலுப்பாக இருக்கும். அவரும் பேசமாட்டார். எதிரெதிரே உட்கார்ந்து ரேடியோ கேட்பார்கள். அதைத் தனிமை என்று அப்போது அவளுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது அதே ரேடியோ, அதே நாற்காலி, எதிரே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, அந்த ஒரு காலியிடத்தால் வீடு முழுக்கக் காது அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது. ராங் நம்பர் வந்தால்கூட உடனே வைக்க மனசு வருவதில்லை. யாரு வேணும், எந்த ஊரு என்று இழுத்துக்கொண்டிருப்பாள்.

"யம்மா, இது ஒங்க கல்லறையா?" இருதயம் வந்து நின்றான். கல்லறைத் தோட்டத்தைக் கவனிக்கிற ஆள், கையில் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷும். வாரிசே இல்லையென்று தெரிந்த கல்லறைகளுக்கு, தோண்டுவதற்கு அடையாளமாக, அவன்தான் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு வந்தான். ஆமா என்றாள். "நல்லவேளை வந்தீக. போன வருசம் கணக்கெடுத்தப்பவே இதுக்குச் சிவப்பு அடிச்சிருக்கணும். எங்கிட்டு அடிக்கிறது, கல்லே தெரியல. புதருக்குள்ள பாம்பு கெடந்தா என்ன செய்யிறதுன்னு விட்டுட்டேன்." அமலோற்பவத்தின் கை நின்றுவிட்டது. அப்படியென்றால் போன வருஷமே கணக்கு முடிந்திருக்க வேண்டியது, இந்தப் புதர் அல்லவா குறுக்கே நின்று தடுத்திருக்கிறது. நான் வராத இடத்தில் இது நின்றிருக்கிறது. "இன்னிக்கே சுத்தம் பண்ணிடுறேன், அப்புறம் ஒண்ணும் சொல்ல மாட்டாகள்ல?" என்று கேட்டாள். இருதயம் தலையைச் சொறிந்தான். "சுத்தம் பண்றது ஒங்க இஷ்டம்மா. அதையெல்லாம் பாக்கல இந்தத் தடவை. கூலிக்கு ஆள வச்சு வெள்ளையடிச்சிட்டு அம்புட்டுப் பேரும் வெளியூருல உக்காந்திருக்காக. அதனால சாமியார் தெளிவா சொல்லிட்டாரு, நாளைக்கு மந்திரிக்கிறப்ப கல்லறைப் பக்கத்துல ஆள் நிக்கணும். ஆள் நின்னா அது அவுக கல்லறை. இல்லேன்னா சிவப்புதான்." பிறகு பையின் வாயில் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த துணிமூட்டையைக் கவனித்துவிட்டு, "என்னம்மா, எரிஞ்ச திரியவா கொண்டாந்திருக்கீக?" என்றான். "வீட்டுல மிச்சம் கெடந்துச்சு" என்று சொல்லிப் பையை இழுத்து மடக்கினாள். இந்த வயதில் திருட்டு முழி முழிக்க வேண்டியதாகிவிட்டதே என்று கூசியது.

ஆள் நிற்க வேண்டும். எதற்குப் பயந்து நேற்று மெனக்கெட்டு அத்தனை திரியை உருக்கினாளோ அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். ஒற்றையாக நிற்காமலிருக்க ஆளுக்கு எங்கே போவது. பக்கத்து வீட்டு ராணியைக் கூப்பிடலாம், அவள் குழந்தைக்கு ஜுரம். கூலிக்கு நிற்க ஆள் கிடைக்குமா, கிடைத்தாலும் உறவு என்ன என்று கேட்டால் என்ன சொல்வது. யோசித்துக்கொண்டே மூன்றாவது செடியை, வெள்ளைப் பூச்செடி அது, பிடித்து இழுக்கும்போது, "அக்கா! எம்புட்டு நாளாச்சு ஒங்கள பாத்து!" என்று செலின் வந்துவிட்டாள். பக்கத்துக் கிரானைட்டில் அவள் கூட்டம் பாய் விரித்து உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தது, எலுமிச்சை சாதம், வாசனையிலேயே தெரிந்தது. செலின் நல்லவள். நல்லவள் என்பதுதான் தொந்தரவே, கெட்டவளாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். "ஒத்தையிலயா வந்தீக? ஏன்க்கா நீங்க போயி இதப் பிடுங்கிக்கிட்டு. எம் மருமகன வரச்சொல்றேன், அஞ்சு நிமிசத்துல சுத்தமா வழிச்சிருவாரு." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு, எங்கிருந்து வந்ததோ, வேறு வார்த்தை வந்தது. "இல்ல செலின், எந் தம்பி மகன் வர்றான். பெங்களூர்லருந்து. நாளைக்குக் குடும்பத்தோட வர்றாங்க." அப்படியா என்று செலின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்க இன்னும் வெட்கமாக இருந்தது. தம்பி மகன் பெங்களூரில் இருப்பது நிஜம். அவன் கடைசியாகப் பேசியது தம்பி செத்த வருஷம், சொத்துப் பத்திரத்தில் அத்தை கையெழுத்துக்காக. இப்போது அவன் குரலே அவளுக்கு ஞாபகமில்லை, ஆயிரம் குரலைக் கேட்டு வைத்திருந்த காது இது. நாளைக்கு அவன் வராவிட்டால் செலின் கேட்பாள். ரயில் லேட் என்று சொல்லலாம். ரயில் எத்தனை வருஷம் லேட்டாகும். ஒருநாள் வீட்டு வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடக்கும், மறுநாளும் கிடக்கும், பால்காரன்தான் முதலில் சந்தேகப்படுவான், அந்தப் பால்காரனும் பெல் அடித்துப் பார்த்துவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள் போல என்று நினைத்துக்கொள்வான். செலின் தன் பாய்க்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள் என்பதே அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"அம்மா, அம்மா, வெள்ளைய மட்டும் பிடுங்கிறாதீக!" ஆண் குரல். நிமிர்ந்தாள். மஞ்சப்பை வைத்துக்கொண்டு ஒரு மனுஷர், நெற்றியில் திருநீறு, அவள் வயதுதான் இருக்கும். ஓட்டமாக வந்ததில் மூச்சு வாங்கியது. "எம் பேரு ராமசுப்பு. பின்னாடி தெருதான். ஈ.பி.ல இருந்து ரிட்டயர்டு. சுகருக்கு இந்தப் பூவக் கொதிக்க வச்சுக் குடிக்கிறேன். டெய்லி காலைல இங்க வந்து பறிக்கிறதுதான். நாளைக்கு எல்லாத்தையும் வெட்டிருவாகளேன்னு இன்னிக்குச் சேத்துப் பறிக்க வந்தேன்." டாக்டர்கிட்ட கேட்டீகளா என்றாள் அமலோற்பவம், பழக்க தோஷம். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "வேற கல்லறையில எல்லாம் வருசா வருசம் சொந்தக்காரவுக வந்து செதுக்கிப்புடுறாக, செடியே தங்காது. இதுதான் யாரும் இல்லாத கல்லறை. அதான் இம்புட்டுச் செழிப்பா இருக்கு. யாரோ புண்ணியவாளன் படுத்திருக்காரு உள்ள. நான் சும்மா பறிக்க மாட்டேம்மா, அண்ணே, ரெண்டு பூ எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டுத்தான் பறிப்பேன். சில நா உக்காந்து பேசிட்டும் போவேன். மருமகளப் பத்தி வீட்டுல பேச முடியுமா?"

யாரும் இல்லாத கல்லறை. கோபம் வரவேண்டியது, வந்தது பொறாமை. நாலு வருஷமாக மரியசூசைக்குத் தினமும் ஒரு ஆள் வந்து குட்மார்னிங் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், மருமகள் கதை எல்லாம் கேட்டிருக்கிறார் அவர், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கதை ஒன்றையாவது முழுசாகக் கேட்டிருப்பாரா. ஜாங்கிரி தின்றே செத்தவர் மேல் பூத்ததை ஒருத்தர் சர்க்கரைக்கு மருந்தென்று குடித்துக்கொண்டிருக்கிறார், இதைக் கேட்டால் மரியசூசை குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார், சத்தமே வராது, தோள் மட்டும் ஆடும். எத்தனை வருஷம் ஆயிற்று அந்தத் தோளை நினைத்து. வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கிற போட்டோவில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கிறார், அதையே பார்த்துப் பார்த்து அவர் அப்படித்தான் இருந்தார் என்று ஆகிவிட்டது. அமலோற்பவத்துக்குக் கண் நிறைந்தது. "இது எங்க வீட்டுக்காரர்" என்றாள்.

ராமசுப்புவுக்கு முகம் செத்துவிட்டது. அதற்குள் பறித்திருந்த பூக்களைப் பையிலிருந்து அள்ளி, செடிமேலேயே திரும்ப வைக்கப் பார்த்தார். அவை உருண்டு தரையில் விழுந்தன. "மன்னிச்சிருங்கம்மா. யாரையும் பாக்காததால... நெசமாவே ஆள் இல்லேன்னு நெனச்சிட்டேன்." பரவாயில்லை, பறித்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னாள், தன் கையாலேயே விழுந்த பூக்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். அவர் தயங்கித் தயங்கி, "சாரு பேரு?" என்று கேட்டார். சொன்னாள். அந்தப் பேரை வெளியே சத்தமாகச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்று சொல்லும்போதுதான் உறைத்தது, நாக்கு புரண்டது. ராமசுப்பு செருப்பைக் கழற்றிவிட்டு, புதரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "மரியசூசை அண்ணே, நாளைக்கழிச்சு வர்றேன்" என்றார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கல்லறையிடம் விடைபெற்றுக்கொண்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை, வர்றேம்மா என்று ஒரு வார்த்தை தன்னிடமும் சொல்லியிருக்கலாம் என்று இருந்தது. எவ்வளவு சின்ன விஷயத்துக்கெல்லாம் ஏங்க ஆரம்பித்துவிட்டோம் என்று நினைத்து, அழுகையும் எரிச்சலுமாக வந்தது.

அதற்குப் பிறகு அவள் செடியைப் பிடுங்கவில்லை. பிடுங்கக் கூடாது என்று முடிவெடுத்தாள் என்றும் சொல்ல முடியாது, கை போகவில்லை, அவ்வளவுதான். தலைமாட்டில் மட்டும் கிளைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். பேர் எழுதின கல் ஈரமும் பாசியுமாக இருந்தது, முந்தானையால் துடைத்தாள். மரியசூசை. கீழே அவள் பேருக்கென்று வெறுமனே விட்டிருந்த பாதிக் கல்லில் ஒரு கொடி ஏறிப் படர்ந்திருந்தது. வெயில் இறங்கி, வேப்பமர நிழல் வரிசையைத் தாண்டிப் போயிருந்தது. செலின் வீட்டுப் பிள்ளைகள் கிரானைட்டைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடினார்கள், ஒருத்தி விழுந்து அழுதாள், நாலு பேர் ஓடினார்கள் தூக்க. நாளைக்கு இந்த இடமே நிறைந்து வழியும், செவ்வந்தி வாசனையும் ஊதுபத்திப் புகையும் மூச்சு முட்டும், அதற்கு நடுவில் வந்து நிற்க வேண்டும். வராமல் இருந்துவிடலாம். வராவிட்டால் சிவப்புக் கோடு. வந்தால் அந்த ஜனம். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வந்தது மனசு, எக்ஸ்சேஞ்சில் எல்லா லைனும் ஒரே நேரத்தில் அடிக்கிற மாதிரி, எதை எடுப்பது என்று தெரியவில்லை. தம்பி மகனுக்குப் போன் செய்து பார்க்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள். என்ன என்று கேட்பது, வந்து என் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுப்பா என்றா.

இருதயம் அடுத்த வரிசையை முடித்துக்கொண்டு திரும்பி வந்தான். புதர் அப்படியே இருப்பதைப் பார்த்து, இவள் முகத்தையும் பார்த்துவிட்டு, பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்தான். செலின் பாயிலிருந்தபடியே, "இருதயம், அந்த அக்கா வீட்டுக்கு நாளைக்கு ஆளுக வர்றாகப்பா, பெங்களூர்லருந்து" என்று குரல் கொடுத்தாள். அவன் நிம்மதியாகத் தலையாட்டினான். "எத்தன பேரும்மா வர்றாக? சாமியாருகிட்டச் சொல்லிருவேன், அவுக வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறுத்து மந்திரிப்பாரு."

அமலோற்பவம் களைக்கொத்தை ஊன்றி எழுந்தாள். முழங்கால் நிஜமாகவே வலித்தது. "யாரும் வரல இருதயம்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, என்னம்மா என்று கிட்டே வந்தான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, எக்ஸ்சேஞ்சில் தூரத்து ஊர் லைனுக்குப் பேசுகிற குரலில், அந்த வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நான்தான் வருவேன். நான் ஒருத்திதான். எனக்கு வேற ஆளு கெடையாது."

சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக, அத்தனை முகங்களும் தன் பக்கம் திரும்புவதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். "சரிம்மா, அஞ்சு மணிக்கு வந்துருங்க" என்று சொல்லி இருதயம் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தான். செலின், விழுந்த பேத்தியின் முழங்காலில் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். மருமகன் தூக்குச்சட்டியை மூடினான். யாரோ எதற்கோ சிரித்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.